மூன்றாவது பூஜ்ஜியம்

முனிரத்தினம் இடது கையால் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தார். வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டு, தலையணைமேல் தனியாக, வேறு யாருடைய பொருளோ போல வைக்கப்பட்டிருந்தது.

திருப்பதியில் ஒரு மருத்துவமனை. இரண்டாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது. அந்த அறையில் யாரும் அதைப் பார்க்கவில்லை. டெட்டால் வாசனையும் தயிர் வாசனையும் கலந்து வந்தன. நானும் என் மகள் யாமினியும் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தோம். அவள் கையில் சாத்துக்குடிப் பை.

"இன்னா பாப்பா, வாங்கியாந்துட்டு நீயே பிடிச்சிக்கினு நிக்கிற? குடுக்கறதுக்கா, திருப்பி எடுத்துக்கினு போறதுக்கா?" என்றார் முனிரத்தினம்.

யாமினி பையை நீட்டினாள். சிரிக்கவில்லை.

"மூஞ்சியப் பாரு. கரண்டு எனக்கு அடிச்சுதா, உனக்கு அடிச்சுதா?"

"துன்ற நேரத்துல இன்னா பேச்சு இது" என்று அவர் மனைவி கஸ்தூரி பையை வாங்கிக்கொண்டார். எங்களுக்கு உட்கார ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஒரு ஸ்டூல்தான் இருந்தது. இருவரும் நின்றோம்.

"நீ வெசனப்படாத பாப்பா. உம்மேல தப்பில்ல. அந்த மீட்டருதான் பேஜார் பண்ணிட்டுது. நீ மூணும் ஜீரோன்னு எழுதினே, நான் அதப் பாத்துட்டுக் கைய வச்சேன். மீட்டரு பொய் சொன்னா நீ இன்னா பண்ணுவே?"

மீட்டர் பொய் சொல்லவில்லை. அந்த அறையில் அது தெரிந்தவர்கள் இரண்டு பேர், யாமினியும் நானும். சித்தூரிலிருந்து பேருந்தில் வரும்போது நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்: "பாத்துட்டு வந்துடலாம். வேற எதுவும் பேசாதே."

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் இருக்கலாம். நான் வேலை பார்க்கும் புத்தலப்பட்டு பால் குளிர்நிலையத்தைப் பற்றியே இந்தப் பத்தியில் இத்தனை வாரம் எழுதிவந்தவள் இதை எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம், அந்த ஸ்டூல்தான் என்று நினைக்கிறேன். இப்போதும் மருத்துவமனையில் ஸ்டூலைக் கண்டால் உட்கார வராது.

ஒரு திருகாணி

யாமினி அப்போது திருப்பதிக்கு வெளியே ஒரு கல்லூரியில் எலக்ட்ரிகல் இஞ்சினீயரிங் கடைசி வருடம். ஆறு வாரம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது விதி. ரேணிகுண்டா பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு இடம் கிடைத்தது. முனிரத்தினம் அங்கே ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன். திருத்தணிப் பக்கத்துக்காரர். தினமும் ரயிலில் வந்து போகிறவர்.

அன்று காலை ஒரு பம்ப் மோட்டாரைப் பிரிக்க வேண்டியிருந்தது. கை வைக்கும் முன் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட வேண்டும். பிறகு சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று முனைகளிலும் மீட்டரை வைத்து, மின்சாரம் இல்லை என்று பார்த்து, ஒரு தாளில் எழுத வேண்டும். மூன்றும் பூஜ்ஜியமானால் வேலை தொடங்கலாம். அன்று அளந்து எழுதும் வேலையை சூப்பர்வைசர் யாமினியிடம் கொடுத்தார்.

சிவப்பை அளந்தாள். பூஜ்ஜியம். மஞ்சளை அளந்தாள். பூஜ்ஜியம். நீல முனை ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் இருந்தது. ஒரு திருகாணியைக் கழற்றினால் மூடி திறக்கும். ஸ்க்ரூடிரைவர் பக்கத்து மேஜையில் இருந்தது. அவள் பேனாவை எடுத்து மூன்றாவது பூஜ்ஜியத்தை எழுதினாள்.

அந்த சுவிட்சுக்குள் மூன்று தொடுபுள்ளிகளில் ஒன்று உருகி ஒட்டிக்கொண்டிருந்தது; பின்னால் விசாரணையில் பிரித்துப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. கைப்பிடி கீழே இறங்கினாலும் நீலத்தில் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருந்தது. எப்போதோ ஒருமுறை அப்படி ஆகுமாம். மூன்றையும் அளக்கச் சொல்வது அந்த ஒருமுறைக்காகத்தான்.

முனிரத்தினம் தாளைப் பார்த்துவிட்டு மூடியைத் திறந்து கை வைத்தார். தூக்கி எறியப்பட்டார். உயிர் இருந்தது. தோள் எலும்பு உடைந்தது. உள்ளங்கை வெந்தது. இரண்டு விரல்களைப் பற்றி டாக்டர் இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்.

மறுநாள் தட்டைக் கழுவும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு யாமினி என்னிடம் சொன்னாள்.

"ஏண்டி அளக்கல?"

"ரெண்டு ஜீரோ வந்தா மூணாவதும் ஜீரோதானம்மா வரும்."

"வரும்னா? பாக்க வேணாமா?"

"லேப்ல அப்படித்தாம்மா எழுதுவோம்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தட்டு எப்போதோ சுத்தமாகியிருந்தது.

கடைசி இலக்கம்

லேபில் எப்படி எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். எழுதியதே நான்தான்.

இஞ்சினீயரிங் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் ரெக்கார்டு நோட்டைப் பற்றி விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு லேபுக்கும் ஒரு தடித்த நோட்டு உண்டு. செய்த சோதனை, படம், அட்டவணை, வரைபடம், முடிவு எல்லாம் அதில் ஏற வேண்டும். எழுத்து அழகாக இருந்தால் மதிப்பெண் கூடும். அடித்தல் திருத்தல் இருந்தால் குறையும்.

யாமினி கோழி கிளறியது போல எழுதுவாள். என் எழுத்து பள்ளியில் பரிசு வாங்கிய எழுத்து. இரண்டாம் வருடம் அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் நான் எழுதிக் கொடுத்தேன். முழு மதிப்பெண். அதற்குப் பிறகு காய்ச்சல் தேவைப்படவில்லை.

முறை எளிது. சீனியர் ஒருத்தியின் நோட்டு வரும். படத்தை அப்படியே போட வேண்டும். எண்களை மட்டும் அப்படியே போடக் கூடாது. கடைசி இலக்கத்தை மாற்ற வேண்டும். அங்கே 2.41 என்றால் இங்கே 2.43. அடுத்தது 3.18 என்றால் 3.17. எல்லாவற்றையும் ஒரே பக்கமாகக் கூட்டினாலோ குறைத்தாலோ தெரிந்துவிடும். ஒன்று மேலே, ஒன்று கீழே. வரைபடம் வரையும்போது இரண்டு புள்ளிகளைக் கோட்டிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தால் உண்மையாகச் செய்தது போலவே இருக்கும். இதை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

நான் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. எந்தக் கடையில் கிராஃப் தாள் தடிமனாகக் கிடைக்கும் என்பதெல்லாம் அதில் வரும். நாராயணவனத்தில் ஒரு அம்மா, மூத்தவனுக்கும் இளையவளுக்கும் சேர்த்து எழுதி, டிரான்ஸ்ஃபார்மர் படத்தைப் பார்க்காமலே போடும் அளவுக்கு வந்துவிட்டார். "எங்களுக்கும் டிகிரி குடுக்கலாம்" என்று அவர் எழுதினார். எல்லோரும் சிரிக்கும் பொம்மை போட்டோம். நானும் போட்டேன்.

இதில் இன்னொன்று இருக்கிறது. அளந்து எழுதுவதுதான் என் தொழில். கெமிஸ்ட்ரி படித்தவள். புத்தலப்பட்டில் விவசாயிகள் கொண்டுவரும் பாலைப் பரிசோதித்து, கொழுப்பு எவ்வளவு என்று எழுதுகிறவள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பால்காரர் நிற்பார். நான் மீட்டரைப் பார்க்கும்போது அவரும் மீட்டரைப் பார்ப்பார். ஒரு புள்ளி குறைந்தாலும், "இன்னொருதரம் வச்சிப் பாரும்மா, மாடு பொய் சொல்லாது" என்பார். பார்க்காமல் ஒரு எண்ணை எழுதினால் அந்த ஜன்னலில் நான் அரை மணி நேரம் உட்கார முடியாது.

அங்கே ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஓர் ஆள் நிற்கிறார். ரெக்கார்டு நோட்டின் எண்களுக்கு எதிரே யாரும் நிற்பதில்லை. நான்கு வருடமாக ஆளில்லாத எண்களோடு பழகிய பெண்ணை ஒரு நாள் கொண்டுபோய் ஆள் நிற்கும் இடத்தில் விட்டார்கள். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும், புதுப் பாடம் சேர்க்க வேண்டும் என்று பெரியவர்கள் பேசும்போது எனக்கு இந்த ஒன்றுதான் தோன்றுகிறது.

சின்ன வயதில் யாமினி பள்ளி விடுமுறைக்கு என்னோடு குளிர்நிலையத்துக்கு வருவாள். மெஷின் சத்தம் பிடிக்காது என்று காதைப் பொத்திக்கொள்வாள். சுவரில் தொங்கும் அட்டவணையில் எழுதுவது மட்டும் பிடிக்கும். பால் தொட்டி நான்கு டிகிரியில் இருக்க வேண்டும்; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைக் குறிக்கும் அட்டவணை அது. அவள் போடும் நான்குக்குக் கால் நேராக இருக்கும். அந்த வயதில் எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

"பாக்கலாம்மா"

மருத்துவமனைக்குத் திரும்புகிறேன்.

விடைபெற்று வெளியே வந்தபோது கஸ்தூரி படிக்கட்டுவரை கூட வந்தார். ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். திங்கக்கெழம என்கொயரியாம். இவுரு சுவிட்சு ஆன்ல இருக்கும்போதே கைய வச்சாருன்னு சூப்பர்வைசர் சொல்றாராம். சீட்டுல மூணும் ஜீரோ கீதே, அப்ப கரண்டு எங்கேந்து வந்துச்சு, இவுருதான் நடுவுல போட்டிருப்பாருன்றாங்க. அப்படி எழுதிட்டா அப்பாலே யாரும் இவுர வேலைக்கு இட்டுக்க மாட்டாங்க."

கஸ்தூரி யாமினியின் பக்கம் கையைக் காட்டினார்.

"பாப்பா அங்கதான நின்னுக்கினு இருந்துச்சு. சுவிட்சு ஆஃப்லதான் இருந்துச்சுன்னு பாப்பாவ ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்கம்மா. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்."

யாமினி என்னைப் பார்த்தாள்.

"பாக்கலாம்மா" என்றேன் கஸ்தூரியிடம்.

எத்தனையோ பேர் எத்தனையோ அலுவலகங்களில் என்னிடம் சொன்ன வார்த்தைதான். அது எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்பது அன்று தெரிந்தது.

திரும்பும் பேருந்தில் யாமினி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

"சுவிட்ச் ஆஃப்ல இருந்துச்சுன்னு சொன்னா, அப்ப ஏன் ஜீரோன்னு எழுதினேன்னு கேப்பாங்க. நான் சொல்லிடறேம்மா."

"டிகிரி இன்னும் கைல வரல. கேம்பஸ்ல குடுத்த வேலை இன்னா ஆவும்? நைனாகிட்ட இன்னா சொல்லுவே?" அவள் அப்பா குவைத்தில் இருக்கிறார்.

"நைனாகிட்ட அப்பாலே சொல்லிக்கலாம்."

"நீ சொன்னா அந்த ஆளு கை சரியாப் பூடுமா?"

இதை நான்தான் கேட்டேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். புத்தலப்பட்டு வந்தபோது, வழக்கமாக அவள் "அம்மா, உன் ஆபீசு" என்பாள். அன்று சொல்லவில்லை.

பரணில் மூன்று

ஞாயிற்றுக்கிழமை காலை பரணிலிருந்து ரெக்கார்டு நோட்டுகளை இறக்கினேன். ஏன் இறக்கினேன் என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. அவள் ஒழுங்காகப் படித்தவள்தான் என்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்த்திருக்கலாம். நான்கு இருக்க வேண்டும், மூன்றுதான் இருந்தன. ஒன்று கல்லூரியிலேயே தங்கிவிட்டது என்றாள்.

மூன்றையும் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் என் எழுத்து. ஒவ்வொரு சோதனைக்கும் கீழே சிவப்பு மையில் ஆசிரியர் கையெழுத்து. யாமினியின் எழுத்து அட்டையில் மட்டும் இருந்தது. பெயர், ரோல் நம்பர். அவ்வளவுதான்.

நோட்டுகளை மூடி வைத்துவிட்டு, "எழுது" என்றேன்.

அவள் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் எழுதினாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'சுவிட்ச் அணைக்கப்பட்டுப் பூட்டப்பட்டதை நான் பார்த்தேன். நீல முனையை நான் அளக்கவில்லை. அளக்காமல் பூஜ்ஜியம் என்று எழுதினேன்.'

கவனக்குறைவால் என்று ஒரு வார்த்தை சேர்க்கலாமே என்றேன்.

"கவனமாத்தாம்மா இருந்தேன். அதான் ரெண்ட அளந்தேன். மூணாவது வேணாம்னு நெனச்சித்தான் எழுதினேன்."

சேர்க்கவில்லை.

பையில்லாத சட்டை

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அதே மாடி, அதே கட்டில். தொழிற்சாலைக்குப் போகும் முன் அவரிடம் சொல்ல வேண்டும் என்று யாமினி பிடிவாதமாக இருந்தாள். கஸ்தூரி அவருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மீட்டர்ல தப்பில்ல. நீலத்த நான் அளக்கல."

முனிரத்தினம் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"அளந்து தப்பா எழுதிட்டியா?"

"இல்லண்ணா. அளக்கவே இல்ல. மூடியத் தொறக்கணும்னு விட்டுட்டேன்."

கஸ்தூரி இட்லியைத் தட்டில் போட்டார். "ஏன் பாப்பா, படிக்கிற பொண்ணுதான நீ? கண்ணால பாக்காதத எழுதலாமா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க பால் டெஸ்டு பண்றவங்களாமே. அன்னிக்குப் படிக்கட்டுல நான் அவ்ளோ சொல்லிக்கினு இருந்தேனே. தெரிஞ்சிதான் நின்னுக்கினு இருந்தீங்களா?"

"ஆமா" என்றேன்.

கஸ்தூரி தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவும் இடத்துக்குப் போய்விட்டார். இட்லி பாதி மிச்சமிருந்தது.

முனிரத்தினம் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையைத் தூக்கி மார்பில் வைத்தார். சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கும் இடம் அது. மருத்துவமனைச் சட்டையில் பை இல்லை. கை வெறும் துணியில் நின்றது.

"டெஸ்டரு இங்கதான் இருந்துச்சு. ரெண்டு செகண்டு வேல. நானும் வச்சிப் பாக்கல" என்றார்.

யாமினி அழத் தொடங்கினாள்.

"இரு, அழுவாத. அதனால உன்ன வுட்டுட்டேன்னு அர்த்தமில்ல. நீ எழுதியிருந்தே, அதான் நான் பாக்கல." பிறகு, "காயிதம் எடுத்தாந்தியா?" என்று கேட்டார்.

"இருக்குண்ணா."

"அப்ப இங்க இன்னா நின்னுக்கினு? போய்க் குடு. பத்தரைக்கு மேல மேனேஜரு மீட்டிங்குக்குப் பூடுவாரு."

அவர் மன்னித்தாரா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. ரேணிகுண்டாவுக்கு எந்த இடத்தில் ஷேர் ஆட்டோ கிடைக்கும் என்பதையும் சொல்லி அனுப்பினார். அது தெரியும்.

பீரோவில் இருந்த நான்காவது

கடிதம் கொடுத்த இரண்டாம் நாள் கல்லூரியிலிருந்து என்னை வரச் சொன்னார்கள். துறைத் தலைவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். களைத்த முகம்.

"கூர்ச்சோண்டம்மா, உக்காருங்க" என்றார். "பாப்பா அவசரப்பட்டுட்டா. மீட்டர் மேல சந்தேகம் இருக்குன்னு ஒரு வரி மாத்திக் குடுத்தா போதும். அடுத்த பேட்ச் பசங்களுக்கு அந்த ஃபேக்டரில டிரெய்னிங் குடுக்க மாட்டேன்னா இன்னா பண்றது, சொல்லுங்க."

நான் பையிலிருந்து மூன்று நோட்டுகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இதுல இருக்கற எழுத்து என்னோடது சார்."

அவர் ஒன்றைத் திறந்தார். மூடினார். இரண்டாவதைத் திறக்கவில்லை.

பக்கத்தில் நின்றிருந்த லேப் உதவியாளர் எட்டிப் பார்த்தார். "அய்யய்யோ, இது மேடம் கையெழுத்தா?" என்று உள்ளே போனவர், பீரோவைத் திறந்து நான்காவது நோட்டைக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. மேலே 'மாடல் ரெக்கார்டு' என்று சீட்டு. "ஜூனியர்ஸுக்கு இதத்தான் மேடம் குடுக்கறோம். இதப் பாத்து எழுதுங்கடான்னு."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நான் கற்பனையில் மாற்றிய கடைசி இலக்கங்களை இரண்டு பேட்ச் பிள்ளைகள் இன்னொருமுறை மாற்றியிருக்கிறார்கள்.

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரைக் குற்றவாளியாக்கி எழுதுவது எனக்குச் சுலபம். ஆனால் அவர் அன்று சொன்னதையும் எழுத வேண்டும்.

"அறுபது பேரு ஒரு செக்ஷன். மூணு மணி நேரம். பத்து மீட்டர்ல ஓடறது நாலு. எல்லாரும் எப்படி அளக்க முடியும்? இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க ரெக்கார்டு எங்கன்னு கேப்பாங்க. மீட்டர் ஓடுதான்னு இதுவரைக்கும் எவரூ அடகலேதம்மா. ஒருத்தரும் கேக்கல."

"நான் கேக்கறேன் சார்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"வருஷத்துக்குப் பன்னெண்டு சோதனைய எழுதறதுக்குப் பதிலா அஞ்சச் செய்யக் கூடாதா?"

"சிலபஸ்ல பன்னெண்டுன்னு இருக்குதே."

"லேப்லயே, பேனால, அடிச்சா அடிச்சதுதான்னு எழுத வைக்கலாமே. வீட்டுக்கு ஏன் குடுத்தனுப்பறீங்க? வீட்டுல நாங்க இருக்கோம்."

அவர் நோட்டுகளை அடுக்கி என் பக்கம் நகர்த்தினார். கடிதத்தை மாற்ற வேண்டும் என்று மறுபடி சொல்லவில்லை. கிளம்பும்போது, அந்த நான்காவது நோட்டைத் தாருங்கள் என்று கேட்டேன். உதவியாளர் சங்கடமாக நெளிந்தார். "ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்திட்டோம் மேடம்."

அதற்குப் பிறகு

முனிரத்தினத்தின் மேல் தவறில்லை என்று தொழிற்சாலையில் எழுதினார்கள். வேலை போகவில்லை. கருவி அறையில் பொருள் எடுத்துக் கொடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. அவர் டெஸ்டரைப் பிடித்துச் செய்த வேலை இனி இல்லை. கேம்பஸில் யாமினிக்கு வேலை கொடுத்திருந்த நிறுவனம் தகவல் சொல்வதாகச் சொன்னது, சொல்லவில்லை. அவள் வேறு இடத்தில் மறுபடி ஆறு வாரம் பயிற்சி செய்து, மற்றவர்களுக்குப் பின்னால் பட்டம் வாங்கினாள்.

இடையில், மறுபயிற்சிக்காகக் காத்திருந்த மாதங்களில், துறைத் தலைவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். லேப் உதவியாளரோடு சேர்ந்து ஒரு பலகை செய்யச் சொன்னார். மூன்று முனை, ஒரு சுவிட்ச். கையில் பட்டாலும் உறைக்காத அளவு மின்சாரம். உள்ளே எந்தத் தொடுபுள்ளி ஒட்டியிருக்கிறது என்பதைத் தினமும் மாற்றி வைக்கலாம். சில நாள் எதுவும் ஒட்டியிருக்காது. அதனால் சீனியர் நோட்டைப் பார்த்து எழுத முடியாது. மூன்றாவது முனையை ஒரு மூடிக்குப் பின்னால் வைத்துத் திருகாணி போட வேண்டும் என்று சொன்னவள் யாமினி.

பலகையை முதல்முதலாக வகுப்பில் வைத்த அன்று அவள் குளிர்நிலையத்துக்கு எனக்குப் போன் செய்தாள்.

"பாதிப் பேருக்கு மேல மூணும் ஜீரோன்னு எழுதிட்டாங்கம்மா."

"சார் திட்டினாரா?"

"இல்ல. மூடியத் தொறந்து உள்ள லைட்டு எரியறதக் காட்டினாரு. அப்புறம் ஒருத்தன் மெதுவா, 'சார், இதுக்கு ரெக்கார்டு உண்டா?'ன்னு கேட்டான். எல்லாம் சிரிச்சிட்டாங்க." அவளும் சிரித்தாள். பிறகு, "ஸ்க்ரூடிரைவர் பக்கத்துலதாம்மா வச்சிருந்தேன்" என்றாள்.

கல்லூரி மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. மற்ற லேபுகளில் ரெக்கார்டு அப்படியேதான் இருக்கிறது. அம்மாக்கள் குழுவில் கிராஃப் தாளைப் பற்றி இன்னும் பேசிக்கொள்கிறார்கள். ஒரு பலகை வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மதிய வேளை; பால்காரர்கள் யாரும் இல்லை. ஜன்னல் காலியாக இருந்தது. எதிர்ச் சுவரில் தொட்டியின் அட்டவணை தொங்கியது. மணி பன்னிரண்டரைதான். இரண்டு மணிக் கட்டத்தில் ஏற்கெனவே ஒரு நான்கு. நான்கு மணிக் கட்டத்தில் ஒரு நான்கு. ஆறு மணிக் கட்டத்திலும் நான்கு. என் எழுத்து. காலையில் வந்ததும் வரிசையாகப் போட்டுவிடுவேன். யாமினி சின்னப் பெண்ணாக வந்து போட்டதும் அப்படித்தான், ஒரே மூச்சில், கால் நேராக.

தெர்மாமீட்டர் தொட்டியின் பின்பக்கம் இருக்கிறது. நான்கு இரும்புப் படி ஏற வேண்டும். ஏறிப் பார்த்தேன். ஐந்தரை.

இறங்கி வந்தேன். அதை எழுத இடமில்லை. அன்றைய கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. பன்னிரண்டு மணிக் கட்டத்தில் இருந்த நான்கை அடித்துவிட்டு, அதன் மேல் இடுக்கில் ஐந்தரை என்று எழுதினேன். எழுத்து அழகாக வரவில்லை.